பிள்ளையாரின் முழுப் பாரம்

நேர்த்தி வைப்பதற்கும் ஊரில் ஒரு அளவு உண்டு. காய்ச்சலுக்கு ஒரு தேங்காய். பிள்ளை சோதனை பாஸ் பண்ணினால் மோதகம். கனடா விசா கிடைத்தால் ஒருநாள் திருவிழாச் செலவு. இந்திராதேவியும் அதுவரை அளவறிந்து நேர்ந்தவள்தான். ஆனால் வயலில் புடையன் பாம்பு கடித்து அவளுடைய மனுசன் தனஞ்சயன் மூச்சு மெசினில் கிடந்த அன்று, ஆசுபத்திரி மர வாங்கில் குந்தியிருந்தபடி அவளுக்கு எல்லா அளவும் மறந்துபோனது.

பக்கத்தில் பெற்றிசியா இருந்தாள். வங்காலைக்காரி. அவளுடைய மாமனார் சிங்கராசாவும் உள்ளே அதே வார்ட்டில்தான் கிடந்தார். இரண்டு பெண்களும் ஒரே பிளாஸ்க்கில் தேத்தண்ணி குடித்துச் சொந்தக்காரர் மாதிரி ஆகியிருந்தார்கள்.

"அக்கா, சும்மா அழுதுகொண்டிராமல் உங்கட ஆளிட்டை ஏதும் கேளுங்கோ. நான் எங்கட மாதாவிட்டை அண்ணைக்கும் சேத்துச் சொல்லிப்போட்டன். ரெண்டு பேரும் பாத்தினமெண்டால் கெதியா முடியும்."

"என்னத்தைச் சொல்லிக் கேக்கிறது?"

"கேக்கிறது லேசு. என்ன குடுப்பனெண்டு சொல்லுங்கோ."

இந்திராதேவி கண்ணை மூடினாள். தேங்காய் வரவில்லை. மோதகம் வரவில்லை. வந்தது தீர்த்தத் திருவிழா. சோழகக் காற்றில் குடை திமிற, எட்டு ஆம்பிளைகளின் தோளில் பிள்ளையார் அசைந்து அசைந்து குளத்துக்குப் போகிறார். முன் வலது மூலையில், தோளில் மூன்று துவாயை மடித்து வைத்துக்கொண்டு தனஞ்சயன் போகிறான்.

"பிள்ளையாரப்பா, அவரை எழுப்பிவிடு. எழுப்பினியெண்டால், உன்னைக் குளம் மட்டும் என்ர தோளிலை காவுறன்."

சத்தமாகவே சொல்லிவிட்டாள். பெற்றிசியா திரும்பிப் பார்த்தாள்.

"உங்கட கோயில்லை பொம்பிளையள் சாமி காவுறவையே?"

"இல்லை."

"பின்னை?"

"வாயிலை வந்திட்டுது."

விடிந்தபோது மெசினைக் கழற்றியிருந்தார்கள். தனஞ்சயன் கண்ணைத் திறந்து, மனைவியை அடையாளம் கண்டு, நாக்கைப் புரட்டிக் கேட்ட முதல் கேள்வி, "மோட்டரை நிப்பாட்டினனீரே?"

இந்திராதேவி சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை நின்றபோது முதுகுத்தண்டில் ஏதோ குளிர்ந்து இறங்கியது. கேட்டது இரவு. தந்தது விடிய. அரசாங்கக் கந்தோரில் ஒரு கையெழுத்துக்கு எத்தனை தரம் போய்வர வேண்டியிருக்கிறது! பிள்ளையார் அவ்வளவு கிட்டவா இருந்தவர்? அந்த வாங்குக்குப் பக்கத்திலேயா? அவள் மெல்லத் திரும்பிப் பக்கத்து இடத்தைப் பார்த்தாள். வெறும் வாங்குதான். ஆனாலும் அதில் காலை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் தான் எதைக் கொடுப்பதாகச் சொன்னோம் என்பது முழுதாக உறைத்தது.

இந்திராதேவி நெட்டை. சும்மா நெட்டை இல்லை. உயிலங்குளத்தில் பஸ்சுக்கு நின்றால், "ரவர் வந்திட்டுது, இனிச் சிக்னல் வரும்" என்று பொடியள் போனைத் தூக்கிக் காட்டுகிற நெட்டை. பெண் பார்க்க வந்த ஒருவர், அவள் தேத்தண்ணித் தட்டோடு நிலையில் குனிந்து வந்ததைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியை மட்டும் குடித்துப்போட்டுப் போனவர் போனவர்தான். கடைசியாக வந்த தனஞ்சயன் அவள் தோளுக்குத்தான் இருந்தான். "எனக்கென்ன, நிமிந்து பாத்துக் கதைச்சுப் பழகினால் சரி," என்று சொல்லிக் கட்டிக்கொண்டான். கலியாணப் படத்தில் அவன் காலடியில் ஒரு கல்லு இருந்ததைச் சேலை மறைத்திருக்கிறது. அவளும் தன் பங்குக்குக் குனியப் பழகினாள். நிலையில் குனிந்து, படத்தில் குனிந்து, கடைசியில் வெளியில் நடக்கும்போதும் குனிந்து, கூனலே அவளுக்கு உடுப்பு மாதிரி ஆகிவிட்டது.

மருதடிக்குளத்துப் பிள்ளையாருக்கு வாகனம் பெரிய எலி. எலியைப் பலகையில் வைத்து, பலகையை இரண்டு நீளக் கொம்புகளில் கட்டியிருப்பார்கள். முன்னுக்கு மூலைக்கு இரண்டு பேர், பின்னுக்கு மூலைக்கு இரண்டு பேர், மொத்தம் எட்டுத் தோள். ஒவ்வொரு மூலையும் ஒரு குடும்பத்துக்கு என்று பரம்பரையாக வருவது. முன் வலது தனஞ்சயன் வீட்டுக்கு. ஆனால் புடையன் கடித்த கால் இன்னும் சுரணையில்லாமல் இழுத்தது. ஒரு வருசத்துக்குப் பாரம் தூக்கவே கூடாதென்று டொக்ரர் சொல்லிவிட்டார். ஆக இந்த வருசம் அந்த இடத்தில் ஒரு தோள் காலி.

அந்தக் காலி இடத்தைக் கேட்டுத்தான் இந்திராதேவி கோயில் மடத்தில் நடந்த பரிபாலன சபைக் கூட்டத்துக்குப் போனாள்.

தலைவர் சீவரத்தினம். பின் இடது மூலையில் நாற்பது வருசமாகக் காவுகிறவர். கெட்ட மனுசன் இல்லை. பிள்ளையார் என்றால் அவருக்கு உயிர். அதனாலேயே பிள்ளையார் விசயத்தில் யார் சொன்னாலும் கேட்கமாட்டார், பிள்ளையார் உட்பட.

"நேத்தியை மாத்தலாம் பிள்ளை," என்றார் அவர். "வெள்ளியிலை சின்னதா ஒரு வாகனம் செய்து உண்டியலிலை போடு."

"வெள்ளி வாகனம் எண்டு நான் சொல்லேல்லை அண்ணை."

"சரி, பாற்குடம் எடு."

"பாலெண்டும் சொல்லேல்லை."

"நீ ஏன் பிள்ளை இப்பிடி நேந்தனீ? தேங்காயெண்டால் நூறை உடைச்சுப்போட்டு நிம்மதியா இருந்திருக்கலாம்."

"அவசரத்திலை தேங்காய் வாயிலை வரேல்லை அண்ணை."

மடத்தில் சிரிப்பு எழுந்தது. சீவரத்தினத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தார்.

"பொம்பிளையள் கொம்புக்குக் கீழை போறேல்லை. எங்கட அப்பு காலத்திலை இருந்து அப்பிடித்தான்."

"பொம்பிளையள் குத்தின அரிசி, கட்டின மாலை, கூட்டின வீதி எல்லாம் அவருக்குச் சரி. தோள் மட்டும் சரிவராதோ?"

"கை வேறை, தோள் வேறை," என்றார் சீவரத்தினம் உறுதியாக. சொன்ன பிறகு அதற்கு என்ன கருத்தென்று அவரே கொஞ்ச நேரம் யோசித்ததாகத் தெரிந்தது. யோசித்தும் பிடிபடாமல் ஐயரின் பக்கம் திரும்பினார். "ஆகமத்திலை என்ன கிடக்கு ஐயா?"

நாலு கோயிலுக்கு மோட்டச்சைக்கிளில் ஓடி ஓடிப் பூசை செய்கிறவர் ஐயர். களைத்த முகத்தோடு சொன்னார்: "ஆர் காவலாம், ஆர் காவக்கூடாதெண்டு ஆகமத்திலை தேட வெளிக்கிட்டால், முதல்லை உங்களிலையே கனபேர் வெளியிலை நிக்கவேண்டி வரும். தேடட்டோ?"

"வேண்டாம், வேண்டாம்," என்றார்கள் எல்லாரும்.

"அப்ப அவரிட்டையே கேப்பம்."

பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவானது. எல்லாரும் எழும்பிச் சந்நிதிக்குப் போனார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, அது ஓம். மற்றதில் சிவப்புச் செவ்வரத்தை, அது இல்லை. ஐயர் இரண்டையும் பிள்ளையாரின் காலடியில் உருட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கூட்டத்தில் அவ்வளவு நேரமும் வாயாடிய சனம் மூச்சுக் காட்டவில்லை. உள்ளே விளக்கு ஒன்றுதான் அசைந்தது. இத்தனை வருசம் கும்பிட்டும், அந்தக் கல் முகம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று இந்திராதேவிக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. சும்மா கும்பிடும்போது அவர் பார்ப்பார், அவ்வளவுதான். இப்போது காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

ஐயர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை.

இந்திராதேவியின் கை மயிர் எழுந்து நின்றது. பின்னால் நின்ற பெண்கள் யாரும் சொல்லாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஐயா, அது காத்துக்கு உருண்டது," என்றார் சீவரத்தினம். "நான் கண்டனான். இன்னொருக்காப் பாருங்கோ."

இன்னொருக்காப் பார்த்தார்கள். செவ்வரத்தை.

"இப்ப என்ன செய்யிறது ஐயா?"

"அவர் விளப்பமாத்தானே சொல்லிப்போட்டார்."

"என்னெண்டு?"

"என்னை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ எண்டு."

மூன்றாம் தரம் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. கூட்டம் கலையப் போனபோது இந்திராதேவி முன்னுக்கு வந்து நின்றாள். பழக்க தோசத்தில் குனிந்துதான் நின்றாள்.

"சரி அண்ணை. நான் போறன். இனி உள்ளுக்கு இருக்கிற அந்தாள் வந்து கேட்டால், நான் வந்தனான், சீவரத்தினம் அண்ணைதான் விடேல்லையெண்டு சொல்லுறன். ஏதும் செய்யிறதெண்டால் என்ர மனுசனை விட்டுட்டு உங்களிட்டை வரச் சொல்லுறன்."

அவள் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. தனஞ்சயன் இரவில் புரண்டு படுத்தாலே விழித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறவள் அவள். தந்தவர் திருப்பி எடுத்துவிட்டால்? அந்தப் பயம்தான் வாயால் வந்தது. சீவரத்தினத்துக்கும் அது கேட்டது. அவர் கர்ப்பக்கிரகத்தைப் பார்த்தார். இந்திராதேவியைப் பார்த்தார். துவாயால் கழுத்தைத் துடைத்தார்.

"குளம் மட்டும்தான்," என்றார் கடைசியில். "திரும்பி வரேக்கை இல்லை. விரதம் இருக்கவேணும். தோளிலை வெள்ளைத்துணி போடவேணும். பிறகு... அந்த... நாள் கணக்குக்கு..." இருமல் பிடித்துக்கொண்டது.

"அது நிண்டு ரெண்டு வருசம் அண்ணை."

இருமல் கூடியது. யாரோ தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்று தொடக்கம் வீட்டு வளவில் தனஞ்சயன் அவளுக்குப் பயிற்சி கொடுத்தான். மாமரக் கவட்டில் ஏணியின் ஒரு நுனியைச் செருகி, மற்ற நுனியை அவள் தோளில் வைத்து, தான் கதிரையில் இருந்து காலை நீட்டிக்கொண்டு கட்டளை போட்டான்.

"முழங்காலை மடியும். மற்ற ஆக்களின்ர உயரத்துக்கு வாரும். நீர் நிமிந்தீரெண்டால் பாரம் முழுக்க உம்மிலைதான் வரும்."

"பிறந்ததிலை இருந்து குனிஞ்சுகொண்டுதானே திரியிறன்."

"அது முதுகு. இது முழங்கால். கொக்கு மாதிரி நடவாதையும், தாரா மாதிரி நடவும்."

அவள் தாரா மாதிரி நடந்தாள். தனஞ்சயன் சிரித்துச் சிரித்து இருமினான். இருமியபடி, "எனக்காக இவ்வளவு தூரம் ஏனப்பா?" என்றான். அவள் ஏணியைத் தோளில் சரிசெய்தாள். அவனுக்காகத்தான் தொடங்கியது. ஆனால் நாள் போகப் போக, ஏணி தோளில் அழுத்தும்போதெல்லாம் வேறு ஒரு ஆசையும் மெல்ல எட்டிப் பார்த்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. இத்தனை வருசம் பிள்ளையார் போகப் பின்னால் போனவள். அவருடைய முதுகைத்தான் அவளுக்குத் தெரியும்.

தீர்த்தத்தன்று காலையிலேயே சோழகம் வீசத் தொடங்கிவிட்டது. பந்தல் சீலை படபடத்தது. வங்காலையில் இருந்து பெற்றிசியா பஸ் ஏறி வந்திருந்தாள்.

"நீங்கள் காவுறதைப் பாக்கத்தான் வந்தனான் அக்கா. எங்கட மாதாவுக்கும் இதிலை அரைவாசிப் பங்கு கிடக்கு, மறக்காதேங்கோ."

"மாதாவையும் ஆம்பிளையள்தானே உங்களிட்டைத் தூக்கிறவை?"

"கூடுதலா அவையள்தான். தூக்கிப்போட்டுப் பிறகு நாங்கள் தைலம் பூசவேணும்."

இந்திராதேவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் வலது மூலையில் போய் நின்றாள். பக்கத்தில் தனஞ்சயனின் தம்பி மகன் கபிலன். தனஞ்சயன் காலை இழுத்து இழுத்து வந்து, வெள்ளைத்துணியை நாலாய் மடித்து அவள் தோளில் வைத்தான். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. மேலே, பட்டுடுத்து, அறுகம்புல் மாலைக்குள் பிள்ளையார் இருந்தார். கீழே இருந்து பார்க்கும்போது அவருடைய வயிறுதான் தெரிந்தது. வானத்தை மறைத்துக்கொண்டு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

"அரோகரா!"

எட்டுத் தோளும் எழுந்தன.

முதலில் அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா? ஒரு உரப் பையை விடக் குறைவு. வயலுக்கு இதைவிடப் பாரம் தூக்கியிருக்கிறாள். அப்படி நினைத்ததற்கு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். முழங்காலை மடித்துத் தாரா நடை நடந்தாள். வேலியடியில் நின்ற சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். குளம் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும். சாமியைத் தூக்கினால் குளத்துக்குப் போகும்வரை நிலத்தில் வைக்கக் கூடாது. அவள் விழுந்தால் அவரும் விழுவார். அவர் விழுந்தால்...

அதற்கு அப்பால் அவள் நினைக்கவில்லை. பக்கவாட்டில், சனத்துக்குள் இழுத்து இழுத்து வருகிற ஒரு காலின் சத்தம் மட்டும் கேட்டது.

ஊர் முடிந்து, அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே பாதை இறங்கியது. இங்கே காற்றுக்குத் தடையில்லை. குடை பிடித்தவன் குடையோடு பறந்துவிடுவான் போலிருந்தது. இந்திராதேவியின் தொடை எரியத் தொடங்கியது. பிறகு நடுங்கியது. மடித்த காலோடு வளவைச் சுற்றுவது வேறு, வாய்க்கால் வரம்பு தாண்டிக் குளம் மட்டும் போவது வேறு. ஏணியை வைத்துப் பழக்கினவன் இதைச் சொல்லித்தரவில்லை. முழங்கால் இரண்டும் தனித்தனியே ஆடின. இன்னும் ஒரு எட்டு மடித்து வைத்தால் விழுவது நிச்சயம்.

"பிள்ளையாரப்பா, நான் விழப்போறன்," என்றாள் மனதுக்குள்.

விழாமல் இருக்க அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நிமிர்ந்தாள்.

கால் நிமிர்ந்தது. இடுப்பு நிமிர்ந்தது. அதோடு நின்றிருக்கலாம், ஆனால் எத்தனையோ வருசமாக மடிந்து கிடந்த முதுகும் தானாகவே எழும்பியது. அவளுடைய முழு உயரமும் அந்த வெட்டவெளியில் நிமிர்ந்து நின்றது.

"பெரியம்மா!" கபிலன் கத்தினான். "பாரம் இல்லை! என்ர தோளிலை பாரமே இல்லை!"

"டேய், இஞ்சையும்!" முன் இடதில் இருந்து ஒரு குரல். "பூ மாதிரிக் கிடக்கு!"

"பிள்ளையாரே!" பின் வலதில் ஒருவர் விம்மினார். "மிதக்கிறாரடா! அப்பனே, மிதக்கிறார்!"

"அரோகரா!" பாதை முழுவதும் அந்தச் சத்தம் ஓடியது. மேளக்காரர் அடியை இறுக்கினார். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வேறு எதுவோ வாசித்தார். பெண்கள் மண்ணில் விழுந்து கும்பிட்டார்கள். பெற்றிசியா சிலுவை அடையாளம் போட்டாள்.

இந்திராதேவிக்கு மட்டும் ஒன்றும் பூ மாதிரி இல்லை.

பாரம் அவள்மேல் வந்து இறங்கியிருந்தது. ஒரு கால் உயர்ந்த வாங்கை நினைத்துப் பார்த்தால் விளங்கும். அப்படிப்பட்ட வாங்கு நிற்பது அந்த உயர்ந்த காலிலும் அதற்கு எதிர்மூலைக் காலிலும்தான். மற்ற இரண்டும் பேருக்குத்தான் நிலத்தைத் தொடும். அவள் நிமிர்ந்ததும் முன் வலது மூலை உயர்ந்துவிட்டது. கபிலனின் தோளுக்கும் கொம்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. முன் இடதும் பின் வலதும் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தன. கண்ணீர் விட்டு அழுதவர்கள் எல்லாம் ஒரு றாத்தல்கூடச் சுமக்காதவர்கள்.

எதிர்மூலை பின் இடது. அங்கிருந்து ஒரு முனகல் வந்தது. "ஊம்ம்ம்..." சீவரத்தினத்தின் பக்கத்தில் நடந்தவர் அவரை விடக் கட்டை, ஆகவே அந்த மூலையில் வந்தது எல்லாம் அவரிலேயே வந்தது.

இந்திராதேவிக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்ப மடிவோமா என்று ஒரு கணம் நினைத்தாள். கால் சம்மதிக்கவில்லை. அடுத்த கணம் அவளுக்கே சம்மதமில்லை.

ஏனென்றால் அது உரப் பையின் பாரம் இல்லை. அவள் தூக்காத பாரமா? நெல்லு மூட்டை, தண்ணிக் குடம், ஆசுபத்திரிக் கட்டிலில் தனஞ்சயனின் செயலற்ற உடம்பு. அவையெல்லாம் தூக்கத் தூக்க நிலத்தை நோக்கித்தான் இழுக்கும். இது அவளை நோக்கிச் சாய்ந்தது. விழித்திருக்கிற பிள்ளையைத் தூக்கினால் அது தன் பாரத்தில் பாதியைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும். நித்திரையான பிறகுதான் முழுப் பிள்ளையும் தோளுக்கு வரும். மகள் தக்சிகா சின்னனில் அப்படி வந்திருக்கிறாள். தலை சரிந்து, கை தொங்கி, இனி எனக்கு ஒரு பயமும் இல்லை என்கிற மாதிரி. இவரும் அப்படி வந்தார். உலகத்தைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறார் என்று சின்ன வயதில் கேட்டதுண்டு. அந்த வயிறு அவளுடைய கழுத்தோரம் சாய்ந்து, தன்னைப் பிடித்துக்கொள்ளாமல், முழுவதையும் அவளிடம் விட்டுவிட்டது.

இவ்வளவு பெரியவர் என்னை நம்பி நித்திரையாகிவிட்டாரே!

காற்று நின்றுபோனதா, அவளுக்குத்தான் கேட்கவில்லையா தெரியாது. மேளமும் கேட்கவில்லை. தன் மூச்சு கேட்டது. அதன்மேல் இன்னொரு மூச்சும், பெரிதாக, ஆறுதலாக, ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது. தோள் எலும்பு நொந்தது. நோவும் தெரிந்தது, அந்த நோவுக்காகக் கண் நனைந்ததும் தெரிந்தது. எப்போதும் நிலத்தைப் பார்த்து நடக்கிறவளுக்கு அன்றைக்கு வயல் முழுவதும் தெரிந்தது. அதற்கப்பால் குளக்கட்டு, கட்டுக்கு மேலே மருதமரங்கள், அதற்கு மேலே வெள்ளையாக எழும்பிப் பறக்கிற கொக்குகள். இவர் தினமும் இந்த உயரத்தில் இருந்துதான் பார்க்கிறார் போலும்.

குளத்தடி மேடையில் வாகனத்தை இறக்கியபோது அவள் தோளை எடுக்க மறந்து நின்றாள். கபிலன்தான் கையைப் பிடித்து வெளியே எடுத்தான்.

அதற்குப் பிறகு குளத்தடி பட்ட பாடு! மிதந்தார் என்றார்கள். முழங்கை உயரத்துக்கு மிதந்தார் என்றார்கள். கபிலன் லண்டனில் இருக்கிற தமையனுக்கு வீடியோ கோல் எடுத்து, தன் தோளைக் காட்டி, "பார், ஒரு சிவப்புக்கூட இல்லை!" என்று விளக்கினான். ஐயர் தீர்த்தம் ஆட்ட, சனம் தொப்புத் தொப்பென்று குளத்தில் குதித்தது. பொம்பிளை தொட்டதும் பிள்ளையார் மனம் குளிர்ந்து பூவாகிவிட்டார் என்று, கூட்டத்தில் "கூடாது" என்றவர்களே சொல்லித் தலையில் தண்ணி அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

சீவரத்தினம் மட்டும் குளத்தில் இறங்காமல், தண்ணி திறந்துவிடுகிற துருசுக் கட்டில் இருந்தார். துவாயை எடுத்துவிட்ட தோள் செங்காயாகச் சிவந்து கிடந்தது. இந்திராதேவி போய்ச் சற்றுத் தள்ளி நின்றாள்.

"உனக்கும் பூ மாதிரியோ பிள்ளை?" அவர் தண்ணியைப் பார்த்தபடி கேட்டார்.

"இல்லை அண்ணை."

"எப்பிடி இருந்தது?"

"முழுக்க என்னிலைதான் கிடந்தது."

"முழுக்க எண்டு சொல்லாதை. அரைவாசி இஞ்சை கிடந்தது." தோளைத் தொட்டுக் காட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார். "நீ நிமிந்தனீ. எனக்கு அந்த இடத்திலையே விளங்கினது."

அவள் ஒரு எட்டு கிட்ட வந்தாள். "முழங்கால் ஏலாமல் போச்சுது அண்ணை. வேணுமெண்டு செய்யேல்லை. நீங்கள் கத்தியிருக்கலாமே, நான் மடிஞ்சிருப்பன்."

"எல்லாரும் பூவெண்டு அழ, நான் மட்டும் பாரமெண்டு கத்தினால் சனம் என்ன நினைக்கும்? தலைவர் என்ன பாவம் செய்தவரோ எண்டெல்லோ நினைக்கும்."

"அப்ப இப்ப சொல்லுங்கோ. உயரத்தாலைதான் எண்டு நானும் சொல்லுறன். பொய்யிலை எனக்கு ஒண்டும் வேண்டாம்."

சீவரத்தினம் தலையைத் திருப்பினார். மேடையில் ஈரப் பட்டோடு இருந்த பிள்ளையாரைப் பார்த்தார். பேசியபோது குரல் கூட்டத்தில் பேசுகிற குரலாக இல்லை.

"நாப்பது வருசம் பிள்ளை. நாப்பது வருசமும் எட்டிலை ஒரு பங்குதான் எனக்கு. அந்த ஒரு பங்குக்கே, நான்தான் இவரைக் காவுறனெண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சனான். இண்டைக்கு அந்த வாய்க்காலடியிலை... அந்தாள் அப்பிடியே வந்து ஏறிப்போட்டார். இவ்வளவு பெரிய ஆளெண்டு எனக்குத் தெரியாது. எனக்குக் கத்தவேணும் போலை இருந்தது. நோவிலை இல்லை."

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். குளத்தில் இறங்காதவருடைய முகம் ஈரமாக இருந்தது.

"அது உயரம்தான்," என்றார் பிறகு. "உயரத்தை உனக்கு ஆர் தந்தது?"

அவள் திரும்பி மேடையைப் பார்த்தாள்.

திரும்பிப் போகும் நேரம் வந்தது. முன் இடதுக்கும் பின் வலதுக்கும் தள்ளுமுள்ளு. பூவாகிய மூலைகள் அவை அல்லவா, ஆளாளுக்கு ஒருக்காத் தொட்டுப் பார்க்கவேண்டும். பின் இடதுக்கு ஒருவரும் போட்டியில்லை. முன் வலதில், இந்திராதேவிக்குப் பதிலாகக் காவ, சொந்தக்காரப் பொடியன் விதுசன் ஏற்கெனவே துவாயை மடித்துப் போட்டுக்கொண்டு நின்றான். இந்திராதேவி கணவனின் பக்கத்தில், சனத்துக்குள் ஒதுங்கி நின்றாள். பேச்சுப்படி அவளுடைய நேர்த்தி முடிந்தது. தனஞ்சயன் மூச்சு விடுகிறான், இனிப் பயமில்லை. ஆனாலும் அவளுடைய தோள் மட்டும் வெறுமையாகக் கிடந்து அவளை அரித்தது.

சீவரத்தினம் தன் மூலையில் போய் நின்று முன்னால் பார்த்தார்.

"விதுசன், அந்த இடத்தை விடு."

"அன்ரியின்ர நேத்தி முடிஞ்சுதே தலைவர்?"

"அவவின்ர முடிஞ்சுது. என்ர முடியேல்லை."

விதுசன் விளங்காமல் விலகினான். விளக்கம் சொல்ல ஒருவரும் இல்லை.

"வா பிள்ளை," என்றார் சீவரத்தினம். "வெய்யில் ஏறுது."

"உங்கட தோள் அண்ணை?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை. நீ வா. வந்து குனியாமல் நில்."

தனஞ்சயன் அவள் முதுகில் கையை வைத்து மெல்லத் தள்ளினான். இந்திராதேவி கொம்புக்குக் கீழே போனாள். வெள்ளைத்துணி குளத்துத் தண்ணியில் நனைந்து கனத்திருந்தது. மேலே பார்த்தாள். அறுகம்புல்லில் இருந்து ஒரு துளி அவள் நெற்றியில் விழுந்தது.

"அரோகரா!"

அவள் எழுந்தாள், எழும்பக் கூடிய அளவுக்கு எழுந்தாள். ஆறு பேர் ஆச்சரியத்தில் கூவினார்கள். இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் நடந்தார்கள்.